மரத்தூள் பெல்லட்: ஒரு நாள் மாவா கொட்டுது, மறுநாள் டை அடைச்சுக்குது, எங்கங்க தப்பு?

மரவாடிப்பையன்:

வணக்கம்ங்க. பெருந்துறை பக்கம் எங்கப்பா காலத்துல இருந்து மரவாடி வச்சிருக்கோம், பேக்கிங் பெட்டிக்கு பலகை அறுத்துக் குடுக்கறதுதான் முக்கால்வாசி வேலை. தூத்துக்குடி வழியா வர்ற பைன், கொஞ்சம் ரப்பர் மரம், அப்பப்ப மா, வேம்பு, வாகைன்னு எல்லாம் கலந்துதான் வரும். தினமும் தூள் மட்டும் 600, 700 கிலோ சேந்துருது. முன்னாடி கோழிப்பண்ணைக்காரங்க வண்டி போட்டு வந்து அள்ளிட்டுப் போவாங்க, இப்ப அவுங்க தேங்கா நார்த்தூளுக்குப் போயிட்டாங்க, செங்கல் சூளைக்காரங்க கேக்கற விலைக்குக் குடுக்கறதுக்கு சும்மாவே விடலாம். மூலைல மலையாட்டம் கெடக்குது, அம்மாவுக்கு எப்ப நெருப்புப் புடிக்குமோன்னு பயம்.

சரி இதை அமுக்கி பெல்லட், அதான் அடுப்புல எரிக்கற சின்னக் குச்சி, போடலாம்னு ஒரு செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்கிப்போட்டேன். தட்டை டை (தூளை அமுக்கித் தள்ளுற, ஓட்டை போட்ட இரும்புத் தட்டு), 30 எச்பி மோட்டார், 6 எம்எம் ஓட்டை, முன்னாடி மாட்டுத்தீவனத்துக்கு ஓட்டிட்டு இருந்தது. வித்த ஆளு மணிக்கு 500 கிலோ வரும், தூளை அப்படியே கொட்டலாம், ஒண்ணும் பண்ண வேண்டியதில்லைன்னு சொன்னாரு, நானும் நம்பிட்டேன்.

மொத நாள் ராவுற மெஷின் அடில இருந்து அள்ளி அப்படியே போட்டேன். புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி வந்துச்சு, நடுநடுவுல பட்டாசாட்டம் ஒரு சத்தம், கீழ பாத்தா பாதி மாவு, பாதி வெடிச்ச குச்சி, கைல எடுத்தாலே உதுந்துருது. ஈரந்தான் காரணம்னு பக்கத்துல ஒருத்தர் சொன்னாரு. அதனால வாசல்ல பரப்பி மூணு நாள் நல்லா காய வச்சு, மொறுமொறுன்னு ஆனதுக்கு அப்பறம் போட்டேன். இப்ப பத்து நிமிஷத்துல புகை வருது, மோட்டார் ட்ரிப், டை முச்சூடும் அடைச்சுக்கிச்சு. ஒரு ஓட்டைலகூட வெளிச்சம் தெரியல.

மைதா கலக்கணுங்கறாங்க, மொலாசஸ் ஊத்தணுங்கறாங்க, ஒருத்தர் கஞ்சித்தண்ணி தெளிங்கறாரு. நெசமாலுமே பெரிய பிளான்ட்ல எப்படித்தான் போடறாங்க? தெரிஞ்சவங்க சித்த சொல்லுங்களேன்.

டைக்கு_வாக்கப்பட்டவன்:

தம்பி, ஒன்பது வருஷமா ரிங் டை, அதாவது வளையமாட்டம் டை இருக்கற மெஷினோட குடித்தனம் பண்றேன், அதான் இந்தப் பேரு. மைதாவை தோசைக்கு வச்சுக்கங்க, மரத்தூளுக்கு ஒரு பசையும் வேண்டாம். பசை மரத்துக்குள்ளயே இருக்குது, லிக்னின்னு பேரு, மரத்தோட நாரையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு புடிச்சு வச்சிருக்கறது அதுதான். கொஞ்சம் ஈரத்தோட 100 டிகிரி கிட்ட சூடாச்சுன்னா மெழுகாட்டம் இளகும். ரோலர் தூளை அமுக்கி ஓட்டைக்குள்ள தள்ளுறப்ப உராய்வுலயே அந்த சூடு வந்துரும், தனியா அடுப்பு வைக்கத் தேவையில்ல. ஓட்டைய விட்டு வெளிய வந்து ஆறுனா அதே லிக்னின் இறுகிக்கும், குச்சிக்கு அந்த பளபளப்பு வர்றதும் அதனாலதான்.

உங்க ரெண்டு நாள் கதைலயும் வில்லன் ஒரே ஆளுதான், ஈரம். மொத நாள் உங்க தூள்ல 40% ஈரம் இருந்திருக்கும், இப்பதான் ராவுன மரம்னா அப்படித்தான் இருக்கும். அது டைக்குள்ள போனா தண்ணி ஆவியாகுது, ஆவிக்குப் போக வழியில்ல, ஓட்டை வாயைத் தாண்டினதும் குச்சியை வெடிச்சுக்கிட்டு வெளிய வருது, உங்க பட்டாசு சத்தம் அதுதான். ரெண்டாவது தடவை சித்திரை வெயில்ல மூணு நாள் போட்டு அப்பளமாட்டம் ஆக்கிட்டீங்க, 5, 6% கூட இருந்திருக்காது. அவ்வளவு காஞ்சா லிக்னின் சீக்கிரம் இளகாது, தூள் வழுக்காது, ஓட்டைக்குள்ள போய் கல்லா நிக்கும், ரோலர் சும்மா மேல தேச்சுக்கிட்டே இருக்கும், அப்பறம் புகைதான். டைக்குள்ள போறப்ப 10ல இருந்து 14%க்குள்ள இருக்கணும், எங்களுக்கு 12 கிட்ட இருந்தா மெஷின் சத்தமே வேற மாதிரி இருக்கும், தூங்கிட்டு இருந்தாலும் சத்தத்தை வச்சே சொல்லிருவேன்.

மீட்டர் இல்லாம பாக்கணும்னா 100 கிராம் தூளை எடை போட்டு, சட்டில வச்சு சின்ன தீயில கருகாம வறுத்து, நடுவுல திரும்பத் திரும்ப எடை போடுங்க, எப்ப எடை குறையறது நிக்குதோ அதுதான் காஞ்ச எடை. 88 கிராம்ல நின்னா ஈரம் 12%. கைப்பழக்கம் வந்தா இதுவும் வேண்டாம், ஒரு புடி தூளை இறுக்கிப் புடிச்சு கையை விரிங்க, கொழுக்கட்டையாட்டம் உருண்டை நின்னா ஈரம் ஜாஸ்தி, விரிச்சதும் மெல்ல சரிஞ்சா பரவால்ல, கைல ஒட்டாம புழுதியா பறந்தா ரொம்பக் காஞ்சுருச்சு, தண்ணி தெளிச்சு மூடி வச்சு மறுநாள் போடுங்க. தெளிச்ச உடனே போடாதீங்க, மேல் ஈரம் வேற, உள்ள ஊறின ஈரம் வேற.

இப்ப மெஷின் விஷயம். இதைத்தான் அந்த வித்த ஆளு சொல்லாம விட்டுட்டாரு, இல்ல அவருக்கே தெரியாதோ என்னமோ. தீவன டையும் மரத்தூள் டையும் பாக்க ஒண்ணு மாதிரிதான் இருக்கும், ஓட்டையோட நீளம் வேற. ஓட்டை விட்டத்துக்கு எத்தனை மடங்கு நீளம்னு ஒரு கணக்கு இருக்குது. தீவனம் தவிடு, புண்ணாக்கு, எண்ணெய்ப்பசை, சுலபமா வழுக்கிட்டு ஓடிரும், அதனால எட்டு, பத்து மடங்குன்னு நீளமா வைப்பாங்க. மரத்தூளுக்கு அந்த நீளம் ஆகவே ஆகாது, நாலுல இருந்து ஆறு மடங்கு போதும், அதாவது 6 எம்எம் ஓட்டைக்கு 30 எம்எம் சுமார். கெட்டி மரத்துக்கு இன்னும் கம்மி, பைனுக்கு கொஞ்சம் ஜாஸ்தி. உங்க டையைக் கழட்டி, ஓட்டைக்குள்ள 6 எம்எம் விட்டத்துலயே எவ்வளவு தூரம் போகுதுன்னு அளந்து பாருங்க, 50, 60 இருந்துச்சுன்னா ஈரம் சரியா இருந்தாலும் அது மரத்தூளுக்கு ஓடாது. ஒரு விஷயம் தெரியுமா, பெல்லட் மெஷின்ங்கறதே தீவன மில்லுல இருந்து வந்ததுதான், 1970கள்ல எண்ணெய் விலை ஏறினப்ப அமெரிக்காவுல ஓரிகன் பக்கம் மரத்தூளை இதுல போட்டுப் பாத்தாங்க, அப்பறந்தான் ஸ்வீடன், ஆஸ்திரியான்னு பரவுச்சு.

பெரிய பிளான்ட்ல எப்படின்னு கேட்டீங்க இல்ல. எங்க பிளான்ட்ல லோடு வந்ததும் மொதல்ல சல்லடைல விட்டு கட்டை, பட்டை, கல்லை எடுத்துருவோம், அப்பறம் காந்தம். இந்தக் காந்தத்தை லேசா நெனைக்காதீங்க, மரவாடித் தூள்ல ஆணி இல்லாத நாளே கிடையாது, ஒரே ஒரு ரெண்டு இன்ச் ஆணி உள்ள போனா ரோலர் காலி, இல்லன்னா டைல விரிசல். அங்கிருந்து ட்ரையர். எங்கது உருளை ட்ரையர், ஒரு பக்கம் உலைல பட்டையும் கழிவு விறகும் எரியும், அந்தச் சூட்டுக்காத்தோட தூள் உருண்டுக்கிட்டே போயி அடுத்த பக்கம் சைக்ளோன்ல, அதான் காத்தையும் தூளையும் பிரிக்கற கூம்புத் தொட்டில, விழும். வெறும் மரத்தூள் மட்டும்னா நீளக் குழாய்ல காத்தோடயே பறக்கவிட்டுக் காய வைக்கற ட்ரையரும் இருக்குது, வெலை கம்மி, ஆனா சிராய், செதில் வந்தா உள்ள ஈரம் நின்னுக்கும். அப்பறம் ஹேமர் மில், 4, 5 எம்எம் சல்லடை போட்டு அரைப்போம், ஏன்னா குச்சி 6 எம்எம்னா அதுக்குள்ள இருக்கற துண்டு அதைவிட சின்னதா இருக்கணும், பெருசா ஒரு செதில் கெடந்தா அந்த எடத்துல குச்சி ஒடியும். அதுக்கு அப்பறந்தான் பிரஸ்ஸு, அதான் பெல்லட் மெஷின்.

வெளிய வர்றப்ப குச்சி 80, 90 டிகிரி சூட்டுல மெதுவா இருக்கும், அமுக்குனா நசுங்கும். அதை அப்படியே மூட்டைல அள்ளுனா உள்ள வேர்த்து ஊறி மாவாயிரும். அதனால கூலர், கீழ இருந்து காத்து மேல போகும், குச்சி மேல இருந்து கீழ எறங்கும், வெளிய வர்றப்ப வெளிக்காத்துச் சூட்டைவிட அஞ்சு டிகிரி கூட இருந்தா போதும். கடைசியா ஒரு சல்லடை, உதிர்ந்த மாவு திரும்ப பிரஸ்ஸுக்கே போயிரும், அப்பறம் மூட்டை.

மெஷினை நிறுத்தறப்ப ஒரு வேலை மறக்கவே கூடாது, தவிட்டுல கழிவு எண்ணெய் பெசஞ்சு கடைசியா ஒரு பக்கெட் போட்டு ஓட்டிட்டு நிறுத்துங்க, ஓட்டை எல்லாம் அந்த எண்ணெய்த் தவிடு நின்னுக்கும், மறுநாள் சுலபமா வழுக்கிட்டு வரும். ஒரு தீபாவளிக்கு பசங்க அவசரத்துல அதைச் செய்யாம சுவிட்சை அணைச்சுட்டு பஸ் ஏறிட்டானுங்க, நாலு நாள் கழிச்சு வந்து பாத்தா டை முழுக்க மரமா இறுகிக் கெடக்குது, நானும் பிட்டரும் கை ட்ரில்லை வச்சுக்கிட்டு ரெண்டு நாள் ஒவ்வொரு ஓட்டையா குடைஞ்சோம், ராத்திரி கண்ணை மூடுனாலும் ஓட்டைதான் தெரிஞ்சுது.

பாய்லர்மாமா:

வாங்குற பக்கத்துல இருந்து நான் ஒண்ணு சொல்றேன், சாயப்பட்டறைல பாய்லர் பாக்கறேன், இருபது வருஷம் ஆகப்போகுது. விறகு, முந்திரித்தோல், பிரிக்கெட் (கழிவை அமுக்கின பெரிய கட்டை), பெல்லட் எல்லாம் எரிச்சாச்சு.

மரவாடிப்பையன் வாசல்ல பரப்பினேன்னு எழுதியிருக்காரு பாருங்க, வாசல் மண்ணா சிமெண்ட்டா? மண் தரைன்னா அள்ளுறப்ப மண்ணும் சேந்து வரும், உங்க கண்ணுக்குத் தெரியாது, என் பாய்லருக்குத் தெரியும். நல்ல மரத்தூள் பெல்லட்டுல சாம்பல் 1%க்குக் கீழதான் இருக்கும், பட்டை சேந்தா ஏறும், மண் சேந்தா மூணு நாலுன்னு போயிரும். சாம்பல் அள்ளுறதுகூட பெரிய வேலை இல்ல, அந்த மண்ணும் சாம்பலும் சூட்டுல உருகி கிளிங்கர் ஆயிடுது, கிரேட்டு, அதான் அடுப்புக்குள்ள எரியறதைத் தாங்கற இரும்புத் தட்டி, அது மேல தட்டையா கண்ணாடியாட்டம் ஒட்டிக்கும், கீழ இருந்து காத்து வராது, ஸ்டீம் பிரஷர் எறங்கும், மேல டையிங் மாஸ்டர் போன் மேல போன் போடுவாரு. கம்பிய வச்சு சூட்டோட இடிச்சு எடுக்கணும், முகமே வெந்துரும்.

இன்னொரு பழக்கம், எடை காட்டறதுக்கு கடலைத்தோல், உமி எல்லாம் கலந்துட்டு மரத்தூள் பெல்லட்டுன்னு பில்லு போடறது. கடலைத்தோல் நல்ல சரக்குதான், அதை அதுன்னே சொல்லிக் குடுத்தா நான் ஏர் செட்டிங்கை மாத்திக்கறேன். உமில சாம்பலே 15, 20% இருக்குது, அதைக் கலந்தா எங்க ஆஷ் பிட் சாயங்காலத்துக்குள்ள நெறஞ்சுரும்.

நான் வாங்குறப்ப லேப் ரிப்போர்ட்டை மட்டும் நம்ப மாட்டேன். மூட்டைய தலைகீழா கவுத்து அடில எவ்வளவு மாவு இருக்குன்னு பாப்பேன். ஒரு டம்ளர் தண்ணில நாலு குச்சி போடுவேன், நல்லா இறுகின குச்சி உடனே மூழ்கணும், மெதந்துச்சுன்னா அமுக்கம் பத்தல. மூழ்கினது சித்த நேரத்துல ஊதி கரைஞ்சு மரத்தூளாவே ஆயிரணும். கரையாம அப்படியே நின்னா உள்ள என்னமோ பசை இருக்குன்னு சந்தேகப்படுவேன். டம்ளர் அடில மண் படிஞ்சுதுன்னா வண்டியை அப்படியே திருப்பி அனுப்பிருவேன், அதுக்கு எந்த லேபும் வேண்டாம்.

அப்பறம் எதுக்கு விறகை விட்டுட்டு பெல்லட்டுன்னு கேப்பீங்க. சுத்தமா காஞ்ச மரத்துல கிலோவுக்கு 4500 கிலோ கலோரி சுமார், 40% ஈரமா இருக்கற விறகுன்னா அதுல 2700தான், அதுலயும் ஒரு பங்கு அந்தத் தண்ணிய ஆவியாக்கவே செலவாயிரும். பெல்லட்டுல ஈரம் 10%க்குள்ள, அதனால 4000க்கு மேல நிக்குது. ஸ்க்ரூவே உள்ள தள்ளிக்கும், ராத்திரி ஷிப்டுல ஆள் கதவைத் திறந்து விறகு வீச வேண்டியதில்ல, அந்த நிம்மதிக்கே காசு குடுக்கலாம்.

மரவாடிப்பையன்:

மாமா வசமா புடிச்சுட்டீங்க, மண் தரைதானுங்க. கிளிங்கர்னு ஒண்ணு இருக்கறதே இப்பதான் கேள்விப்படறேன்.

டை அண்ணா சொன்னபடி கழட்டி அளந்தேன், 6 எம்எம் ஓட்டை, நீளம் 55. அதாவது ஒன்பது மடங்குக்கு மேல. வித்த ஆளுக்கு போன் போட்டா இப்ப எடுக்கறதே இல்ல.

இன்னொரு சந்தேகம், பக்கத்துல பர்னிச்சர் கடைக்காரரு எம்டிஎஃப் (மரநாரைப் பசை போட்டு அமுக்கின பலகை), பிளைவுட் அறுத்த தூளை சும்மாவே தர்றேங்கறாரு, நல்லா காஞ்ச தூளு, 8%தான் இருக்கும். என் ஈரத்தூளோட அதைக் கலந்துட்டா ட்ரையரே வேண்டாமேன்னு ஒரு யோசனை. செய்யலாமா?

டைக்கு_வாக்கப்பட்டவன்:

புத்திசாலித்தனமான யோசனைதான், ஆனா வேண்டாம். எம்டிஎஃப்ல இருக்கறது யூரியா ஃபார்மால்டிஹைடு பசை, எரிச்சா வர்ற புகையும் நாத்தமும் வேற ரகம், டீக்கடை அடுப்பு, ஹோட்டல் அடுப்புன்னு மனுஷங்க பக்கத்துல நிக்கற எடத்துக்கு அது போயிரவே கூடாது. பிளைவுட்ல லேமினேஷன் பிளாஸ்டிக்கும் சேந்து வரும். பாய்லர்மாமா மாதிரி ஆளு டம்ளர்ல போட்டதுமே கண்டுபுடிச்சுருவாரு.

பெட்டி மரத்துலயே தேக்கு வந்தா தனியா ஒதுக்குங்க, தேக்குல மணல் சத்து உண்டு, உங்க ரம்பம் சீக்கிரம் மழுங்குதே அதே கதைதான் டைக்கும். எங்களுக்கு சுத்தமான பைன் தூள்ல டை ஆயிரம் மணி நேரத்துக்கு மேல ஓடிருக்குது, ஒரு தடவை ஆர்டருக்கு ஆசைப்பட்டு உமி ஓட்டினோம், அதுல பாதிகூட வரல.

கணக்குநோட்டு:

எல்லாரும் மெஷினைப் பத்தியே பேசறீங்க, நான் கொஞ்சம் வயித்தெரிச்சலைக் கெளப்பறேன், கோவிச்சுக்காதீங்க.

தம்பிகிட்ட நாளைக்கு 700 கிலோ தூள், 40% ஈரம். அதுல நெஜமான மரம் 420 கிலோ. 10% ஈரத்துல பெல்லட்டா ஆக்கினா 467 கிலோ, அவ்வளவுதான், பாக்கி 233 கிலோ வெறும் தண்ணி, அதை வெரட்டத்தான் வெயிலோ விறகோ செலவு பண்றோம். 30 எச்பி தட்டை டை நெஜமா மணிக்கு 200, 250 கிலோதான் தரும், 500லாம் பேச்சுக்கு. ஆக உங்க மெஷின் தெனம் ரெண்டு மணி நேரம் ஓடும், மிச்ச நேரம் சும்மா நிக்கும். அந்த ரெண்டு மணி நேரத்துக்கு 22 கிலோவாட், 44 யூனிட், டன்னுக்குப் பாத்தா பிரஸ்ஸுக்கு மட்டும் 90 யூனிட்டுக்கு மேல, சல்லடை, அரவை, ஃபேன் எல்லாம் தனி. மோட்டார் ஸ்டார்ட் ஆகறப்ப இழுக்கற லோடுக்கு உங்க சாங்ஷன் லோடு பத்துமான்னு ஈபில கேட்டீங்களா, மரவாடி ரம்பமும் அதுலதானே ஓடுது?

சரி பெருசா போடலாம்னு மணிக்கு ஒரு டன் பிளான்ட், ரெண்டு ஷிப்டுன்னு வச்சுக்கங்க. தெனம் 16 டன் பெல்லட்டுக்கு அதே 40% ஈரத்தூள் 24 டன் வேணும். உங்களை மாதிரி 34 மரவாடி. 34 மரவாடித் தூளையும் தெனம் யாரு போய் அள்ளுறது? தூளு பஞ்சாட்டம், லாரி நெறஞ்சுரும் எடை வராது, முப்பது நாப்பது கிலோமீட்டர் தாண்டினாலே டீசல் தின்னுரும். அதைவிட முக்கியம், இன்னிக்கு சும்மா விடலாம்னு சொல்ற அதே தூளுக்கு, அந்தப் பக்கம் ஒரு பெல்லட் பிளான்ட் வந்துருச்சுன்னு தெரிஞ்ச மறுவாரம் வெலை வந்துரும், நானே பாத்திருக்கேன். மெஷின் கொட்டேஷன்ல மூலப்பொருள் வெலைன்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, அது எப்பவுமே பிளான்ட் வர்றதுக்கு முந்தின வெலை.

2021 அக்டோபர்ல மத்திய மின்துறை அனல் மின் நிலையத்துல நிலக்கரியோட 5% பயோமாஸ் பெல்லட் கலக்கணும்னு கொள்கை கொண்டுவந்ததுல இருந்து, ஆர்டர் கொட்டுதுன்னு சொல்லித்தான் மெஷினே விக்கறாங்க. அது முக்கியமா விவசாயக் கழிவை எரிக்காம உபயோகிக்க வச்சது, வைக்கோல், பருத்திமாறு, சோளத்தட்டு இதெல்லாம். டெண்டர்ல போட்டி போடற அளவு நம்மகிட்ட டன் கணக்கு கிடையாது. நமக்குப் பக்கத்துல இருக்கற சாயப்பட்டறை, பேக்கரி, முறுக்குக் கம்பெனி இவங்கதான் கஸ்டமர், அவுங்க பேமெண்ட் எத்தனை நாள்ல வருதுங்கறதையும் கணக்குல எழுதுங்க.

என் யோசனை: சிமெண்ட் களம் ஒண்ணு போடுங்க. தூளைக் காய வச்சு 12%க்குக் கொண்டு வந்து, சலிச்சு, மூட்டை புடிச்சு, பெல்லட் போடற ஆளுக்கே வித்துருங்க. அவனுக்கு ட்ரையர் செலவு மிச்சம், உங்களுக்கு டை தலைவலி மிச்சம்.

டைக்கு_வாக்கப்பட்டவன்:

கணக்குநோட்டு சொல்றது வாஸ்தவந்தான், ஒத்துக்கறேன். எங்க பிளான்ட்லயும் பிரஸ் நின்ன நாளைவிட தூள் வராம நின்ன நாள்தான் ஜாஸ்தி. ஐப்பசி, கார்த்திகை மழைல வர்ற தூள் 55% ஈரத்தோட வரும், ட்ரையர் பாதி வேகத்துலதான் ஓடும், பிரஸ்ஸுகிட்ட நிக்கற பசங்க கேரம் ஆடுவானுங்க.

ஆனா தெனம் ரெண்டு மணி நேரம்னாலும் சொந்தமா ஓட்டறதுல ஒரு ருசி இருக்குது, அதை எந்தக் கணக்குலயும் எழுத முடியாது.

பனிநாட்டான்:

வணக்கம் அண்ணைமார். நான் யாழ்ப்பாணம், இப்ப ஜேர்மனியில இருக்கிறன். எங்கட வீட்டில பெல்லட் கொதிகலன்தான், முந்தி எண்ணெயில ஓடினது. நீங்கள் செய்யிற பக்கத்தைக் கதைக்கிறியள், நான் பாவிக்கிற பக்கத்தைச் சொல்லுறன்.

இஞ்ச பெல்லட் மூட்டையில மட்டுமில்லை, எண்ணெய் பவுசர் மாதிரி ஒரு லொறி வந்து நிண்டு, தடிச்ச குழாயை வீட்டுச் சுவரில இருக்கிற வாயில மாட்டி, காத்தால ஊதி நிலக்கீழ் அறைக்குள்ள நிரப்பிப்போட்டுப் போவினம். ஊதேக்கை குச்சி உடைஞ்சா உள்ளுக்கு ஒரே மா, பிறகு ஸ்க்ரூ இறுகும். அதால உறுதிக்கு எண்டே தனிச் சோதனை இருக்கு. வீட்டுக்கு வாறது ஈஎன்பிளஸ் ஏ1 தரம், ஐஎஸ்ஓ 17225 எண்ட நியமத்தின்ர இரண்டாம் பகுதியில இருந்து வாறது, ஈரம் 10%க்குள்ள, சாம்பல் 0.7%க்குள்ள இருக்கோணும், மாப்பொருள் மாதிரி ஒட்டுச் சாமானும் 2%க்கு மேல போகக் கூடாது. இரண்டு கிலோ பெல்லட் ஒரு லீட்டர் எண்ணெய்க்குச் சமன் எண்டு எங்கட ஆக்கள் கணக்குப் பாக்கிறவை. பெரும்பாலும் ஸ்புரூஸ் மரம் அரியிற ஆலைத் தூள்தான், மரத்தை வெட்டிப் பெல்லட் செய்யிறது இஞ்ச குறைவு. 2022ல ரஷ்யச் சண்டையோட ஒரு தொன் 700 யூரோவைத் தாண்டினது, அதுக்கு முதல் வருசம் 250 சுமார்தான் நிண்டது, அந்தக் குளிருக்கு நாங்கள் ஸ்வெட்டரோடதான் வீட்டுக்குள்ள இருந்தனாங்கள்.

ஒண்டு கட்டாயம் சொல்லோணும், நீங்கள் ஒருத்தரும் இதைப் பற்றிக் கதைக்கேல்லை. புதுப் பெல்லட்டைப் பூட்டின அறையில கனக்கக் குவிச்சு வைச்சால் அதில இருந்து கார்பன் மொனொக்சைட்டு வரும், நெருப்பே இல்லாமல். மணமும் இல்லை நிறமும் இல்லை. 2006ல ஸ்வீடனில ஹெல்சிங்போரி துறைமுகத்தில பெல்லட் ஏத்தின கப்பலுக்க இறங்கின ஒரு மாலுமி இதாலதான் செத்தவர். எங்கட அறைக் கதவில எச்சரிக்கைப் பலகை ஒட்டியிருக்கு, முதல் கதவைத் திறந்து காத்து விட்டிட்டுத்தான் உள்ளுக்குப் போறனாங்கள். உங்கட குடோன் சின்னன் எண்டாலும் காத்தோட்டமா வையுங்கோ, சின்னப் பிள்ளையளை உள்ள விடாதேங்கோ.

பாய்லர்மாமா:

பனிநாட்டான் தம்பி, இது எனக்கே புதுசு, நாங்க பெல்லட் கொட்டி வைக்கற சைலோ தொட்டிக்குள்ள அடைப்பு எடுக்க பசங்களை எறக்கி விட்டுக்கிட்டு இருந்தோம். நாளைக்கே மேனேஜர்கிட்ட பேசணும்.

டைக்கு_வாக்கப்பட்டவன்:

நல்லா எடுத்துக் குடுத்தீங்க. அதோட தீயும் சொல்லிடறேன், மரவாடிப்பையன் அம்மா பயப்படறது நியாயம். ஈரத்தூளைக் குவிச்சே வச்சா உள்ள தானா சூடேறும், கையை விட்டுப் பாருங்க சுடும். எங்களுக்கு ஒரு தடவை ட்ரையர் உலைல இருந்து ஒரே ஒரு பொறி சைக்ளோன் வரைக்கும் போயிருச்சு, வெளிய ஒண்ணும் தெரியல, சாயங்காலம் தூள் தொட்டி மேல கைய வச்ச பையன் அண்ணா சுடுதுன்னான். மூடிய படக்குன்னு தெறந்தா காத்துப் பட்டு குபீர்னு புடிச்சிருக்கும், எலெக்ட்ரீசியன் ஒருத்தர் ஓடி வந்து தெறக்காதீங்கன்னு கத்தினாரு, அவரு புண்ணியத்துல இன்னிக்கு நான் டைப் பண்ணிட்டு இருக்கேன். ஃபேன், காத்து எல்லாம் நிறுத்திட்டு மெல்லத் தண்ணியப் பனியாட்டம் விட்டோம், விடியக்காலம் வரைக்கும் ஆச்சு. பறக்கற மரப்புழுதி வெடிக்கும் தம்பி, நெஜமாவே வெடிக்கும். பீம் மேல, ட்யூப் லைட் மேல படியற தூசியை வாரம் ஒருக்கா துடைக்கச் சொல்லுங்க, காத்தடிச்சுக் கெளப்பாதீங்க.

மரவாடிப்பையன்:

பதினஞ்சு நாள் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க, லோடு வேலை.

மண் தரைய விட்டுட்டேன், பழைய நெல்லுக்களம் ஒண்ணு சித்தப்பா தோட்டத்துல சும்மா கெடந்துச்சு, சிமெண்ட் தரை, அங்க ரெண்டு இன்ச் கனத்துல பரப்பி மணிக்கு ஒருக்கா தள்ளுபலகைல கிண்டி விட்டோம். வறுத்து எடை போட்டுப் பாத்தேன், அம்மா பணியாரச் சட்டியை எடுத்துட்டேன்னு திட்டு வேற. காலைல போட்டது சாயங்காலம் 18, மறுநாள் மத்தியானம் 12ல நின்னுச்சு, உடனே அள்ளி தார்ப்பாய்ல மூடிட்டேன்.

ஈரோட்டுல ஒரு லேத்துல டையோட பின்பக்கம் ஓட்டையை 7.5 எம்எம்முக்கு அகலப்படுத்தி, 6 எம்எம் நீளத்தை 30க்குக் கொண்டு வந்தோம். சவுக்காரம் போட்ட மாதிரி வழவழன்னு இருக்கட்டும்னு எண்ணெய், மணல், தவிடு கலந்து ஒரு மணி நேரம் ஓட்டினேன், அதை டை அண்ணா சொல்லல, மெஷின் பிட்டர் சொன்னாரு. அப்பறம் வெறும் பைன் தூள் மட்டும் போட்டேன்.

அண்ணா வந்துருச்சுங்க. மொத அஞ்சு நிமிஷம் மாவுதான், டை சூடானதும் ஒண்ணொண்ணா பென்சிலாட்டம் எறங்குச்சு, மேல ஒரு மினுமினுப்பு, புது மரம் அறுக்கற வாசம். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், ஒண்ணும் சொல்லல, ரெண்டு குச்சிய எடுத்து ஒடிச்சுப் பாத்துட்டு சட்டைப் பைல போட்டுக்கிட்டு போயிட்டாரு. டம்ளர்ல போட்டா எல்லாம் மூழ்குது, மாமா, மண்ணும் இல்ல. மணிக்கு 210 கிலோ வருது.

கணக்குநோட்டு அண்ணா சொன்னதையும் விடல, சலிச்ச காஞ்ச தூள் பத்து மூட்டை ஒரு பிளான்ட்டுக்கு சாம்பிள் அனுப்பியிருக்கேன், என்ன வெலை சொல்றாங்கன்னு பாக்கலாம்.

ஒரே ஒரு சந்தேகம், டைல வெளி ஓரம் ரெண்டு வரிசை ஓட்டை இன்னும் பழைய அடைப்பு அப்படியே இருக்குது. எண்ணெயில ஊறப் போட்டும் வரல. 6 எம்எம் ட்ரில் பிட்டையே போட்டு ஒரே அடியா குடைஞ்சுரலாமா?

டைக்கு_வாக்கப்பட்டவன்:

சந்தோஷம்டா தம்பி. 6 வேண்டாம், ஓட்டைச் சுவத்துல கீறல் விழுந்துச்சுன்னா அந்த ஓட்டை அதுக்கு அப்பறம் ஓடவே ஓடாது. 5 எம்எம் பிட்டை வச்சு நடுவுல மட்டும் மெல்லக் குடைஞ்சுட்டு, மிச்சத்தை 5.5 எம்எம் இரும்புக் கம்பியை (பஞ்ச்) வச்சு பின்பக்கம் இருந்து தட்டுங்க, அங்கதான் நீங்க 7.5 ஆக்கி வச்சிருக்கீங்களே, ஓட்டை நடுவுல புடிக்க சௌகரியமா இருக்கும். டைக்கு அடில மரக்கட்டை வச்சுக்கங்க, இரும்பு மேல வச்சுத் தட்டாதீங்க. அப்பறம் ரோலர் இடைவெளிய ஒருக்கா பாருங்க, வெளி வரிசை மட்டும் அடைக்குதுன்னா ரோலர் உள்பக்கம் சாஞ்சு நிக்குதுன்னு அர்த்தம், ரெண்டு ஓரமும் மெல்லிசா ஒரே தாள் நுழையற மாதிரி இருக்கணும். பேரிங் கிரீஸ் எது போடறீங்க? சாதா கிரீஸ்னா இந்தச் சூட்டுக்கு உருகி ஊத்திரும், அதை எழுதுங்க மொதல்ல.